கதிர்காமப் பழம்பாதையின் வன்னிப் பகுதியைத் தாமாகவே நடக்க விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் முள்ளியவளையில் பிறந்தவன். வைகாசி பிறந்ததும் கையில் வேலும் தலையில் பொட்டணியுமாக யாத்திரிகர்கள் எங்கள் ஒழுங்கையால் நடந்து போவதைப் பார்த்து வளர்ந்தவன். பிற்காலத்தில் அவர்களோடு சேர்ந்தும், அதன் பின்னர் குழு எதனோடும் சேராமல் இரண்டொரு நண்பர்களுடனும் அந்தப் பாதையின் வன்னிப் பகுதியைப் பல தடவை நடந்திருக்கிறேன். விடுமுறையில் ஊருக்கு வருவோரும், கொழும்பில் வேலை பார்க்கும் இளைஞரும், “நாங்களும் எங்கள் பாட்டில் நடக்கலாமா?” என்று கேட்பது வர வர அதிகரித்துள்ளது. அவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு என்னால் இயன்ற பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

இது எந்தப் பாதை? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

தொண்டைமானாற்றங்கரையில், சின்னக் கதிர்காமம் என்று போற்றப்படும் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் புறப்பட்டு, வன்னியைக் கடந்து, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை எனக் கிழக்குக் கரையை ஒட்டியே இறங்கி, குமண, யால காடுகளின் ஊடாகக் கதிர்காமத்தைச் சேரும் பாதயாத்திரை வழியே இது. முழுத் தூரம் 500 கிலோமீற்றருக்கு மேல். ஒன்றரை மாதம் அளவில் நடப்பார்கள். 1983 ஆம் ஆண்டுக்குப் பின் போரினால் யாத்திரை தடைப்பட்டது. 1988 இல் கதிர்காம பக்தர் அமைப்பொன்றின் முயற்சியால் மீண்டும் நடக்கத் தொடங்கினாலும், வடக்கிலிருந்து தொடர்ச்சியாக நடப்பது 2009 இல் போர் முடிந்த பின்னரே இயலுமாயிற்று.

இப்பதில்களில் நான் பேசுவது அந்த நெடும்பாதையின் ஒரு துண்டைப் பற்றி மட்டுமே: ஆனையிறவிலிருந்து பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு, வற்றாப்பளை, முல்லைத்தீவு, அளம்பில், நாயாறு வழியாகக் கொக்கிளாய் வரையான பகுதி. நீங்கள் எடுக்கும் சுற்றுவழிகளைப் பொறுத்து இது 100 முதல் 120 கிலோமீற்றர் வரை வரும். கதிர்காமம் வரை செல்ல விடுப்பும் உடல்நிலையும் இடம்கொடாதவர்கள் இத்துண்டை மட்டும் நடந்தாலும் குறையொன்றுமில்லை என்பதே என் எண்ணம். இதற்குள் உப்பளம், வயல், குளம், காடு, களப்பு, கடற்கரை ஆகிய அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடுகின்றன.

ஏன் முன்னோர் இந்த வழியைத் தேர்ந்தார்கள்?

தண்ணீரும் கோயிலும் ஒரு நாள் நடைத்தூரத்தில் கிடைக்கும் வழி இது. உலர்வலயத்தில் கோடையில் நடப்பவர்களுக்கு வேறு கணக்குக் கிடையாது. வழியெங்கும் பிள்ளையார் கோயிலும் அம்மன் கோயிலும் அவற்றின் வீதியில் ஒரு கிணறும் மரநிழலும் இருப்பதை நீங்களே காண்பீர்கள். தண்ணீரூற்று என்னும் ஊர்ப் பெயரே அதற்குச் சாட்சி. அங்கு ஊற்றங்கரையில் பிள்ளையார் இருக்கிறார்.

குழுவோடு சேராமல் தனித்து நடப்பது முறைக்கு மாறானதா?

இல்லை. பழங்காலத்தில் எல்லோரும் ஒரே குழுவாகப் போனதும் இல்லை. ஊரூராகப் பிரிந்து, சிறு கூட்டங்களாக நடந்து, வற்றாப்பளையிலோ உகந்தையிலோ சந்தித்துக்கொண்டார்கள். ஆனால், குழு ஒன்றில் சேரும்போது அதை நடத்திச் செல்லும் மூத்த யாத்திரிகர் உங்களுக்காகச் செய்யும் காரியங்களை, அதாவது அடுத்த தங்குமிடத்துக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புவது, தண்ணீர் எங்கே நல்லது என்று அறிவது, யார் சோர்ந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுகொள்வது ஆகியவற்றை நீங்களே செய்ய வேண்டியிருக்கும். முற்றிலும் தனி ஒருவராக நடப்பதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. இருவர் போதும்; மூவர் நல்லது. ஒருவருக்குக் காலில் அடிபட்டால் ஒருவர் கூட இருக்க, மற்றவர் உதவி தேடிப் போகலாம்.

எந்த மாதத்தில் நடப்பது நல்லது?

யாத்திரையோடு இசைந்து நடக்க விரும்பினால் வைகாசி. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வந்து சேரும்படி கணக்கிட்டுப் புறப்படுவதே மரபு. அந்த மாதத்தில் வெயில் கடுமையானது. பகல் வெப்பநிலை 33, 34 பாகைக்கு மேல் ஏறும். சோளகக் காற்றுப் புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். ஆனாலும் ஊர்கள் விழித்திருக்கும், தண்ணீர்ப்பந்தல்கள் இருக்கும், காட்டோரங்களில் பாலைப்பழமும் வீரப்பழமும் பழுத்திருக்கும்.

வெயில் தாங்காதவர்கள் மாசி மாதத்தைத் தேர்ந்துகொள்ளலாம். மாரி மழை விட்டுக் குளங்கள் நிரம்பியிருக்க, காலபோக நெல் அறுவடையாகிக் கொண்டிருக்கும் அந்த நாட்களில் வன்னி மிகவும் அழகானது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை நடக்க எண்ண வேண்டாம். வடகீழ்ப் பருவமழையில் தாம்போதிகள் (வெள்ளம் மேலால் பாயும் தாழ்பாலங்கள்) மூழ்கும், மண்வீதிகள் சேறாகும், பாம்புகள் மேட்டு நிலம் தேடி வீதிக்கு வரும்.

எத்தனை நாள் தேவை? ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கலாம்?

ஓய்வு நாள் ஒன்றையும் சேர்த்து எட்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 15 கிலோமீற்றர் அளவே போதுமானது. நகரத்தில் மாலைவேளை நடந்து பழகியவர்கள் 25 கிலோமீற்றர் நடந்துவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள்; முதல் நாள் நடக்கவும் செய்வார்கள்; மூன்றாம் நாள் பாதம் கொப்புளித்துப் பஸ் ஏறுவார்கள்.

முதல் நாள் ஆனையிறவு உப்பளங்களைப் பின்னே விட்டு, பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பி, முரசுமோட்டையில் தங்கலாம். ஏ35 எனப்படும் பரந்தன்–முல்லைத்தீவு வீதி அங்கிருந்துதான் உங்கள் கைகாட்டி. இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்கள் வீதியின் இரு மருங்கிலும் விரியும். வெயிலில் களைத்த கண்ணுக்கு அந்தச் சிறுபோகப் பச்சை எவ்வளவு ஆறுதல் என்பதை நடந்தவர்களே அறிவர். இரண்டாம் நாள் தருமபுரத்தையும் நெத்தலியாற்றையும் கடந்து விசுவமடு. மூன்றாம் நாள் உடையார்கட்டு வழியாகப் புதுக்குடியிருப்பு.

நான்காம் நாளில் வழி இரண்டாகப் பிரிகிறது. நந்திக்கடல் என்னும் களப்பின் மேற்குப் பக்கமாகக் கேப்பாப்பிலவு வழியே நேராக வற்றாப்பளைக்குப் போகலாம். அல்லது முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் பாலம் வழியாக முல்லைத்தீவு நகருக்குப் போய், முள்ளியவளையால் சுற்றி வற்றாப்பளைக்கு வரலாம். முதலாவது குறுகியது. இரண்டாவதை எடுப்பவர்கள் வட்டுவாகல் பாலத்தில் கவனமாக இருக்க வேண்டும். மிக ஒடுங்கிய அந்தப் பாலத்தில் வாகனம் வரும்போது ஒதுங்கி நிற்க இடமில்லை. விடிகாலைப் பஸ்களின் நெரிசல் தணிந்த பிறகு, இருபுறமும் பார்த்து, நிற்காமல் கடந்துவிடுங்கள்.

வற்றாப்பளையில் ஒரு நாள் முழுமையாக இருங்கள். அதன் பின் தெற்கே சிலாவத்தை, உப்புமாவெளி, அளம்பில், செம்மலை, நாயாறு என்று கடலை இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாளில் கொக்கிளாயை அடையலாம்.

பாதையில் அடையாளப் பலகைகள் உண்டா? வரைபடம் எங்கே கிடைக்கும்?

யாத்திரைப் பாதைக்கென்று பலகைகளை எதிர்பார்த்துப் புறப்பட வேண்டாம். பிரதான வீதிகளில் வழி தவறுவதற்கு இடமில்லை. உள்வழிகளில் நீங்கள் நம்ப வேண்டியது கைபேசியை அல்ல, ஊர்ச்சனத்தை. இதை நான் பட்டுணர்ந்தே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் விசுவமடுவுக்கு அப்பால் ஒரு மாலைப்பொழுதில் கைபேசி வரைபடம் ஒரு குறுக்குவழியைக் காட்டியது. இரண்டு கிலோமீற்றர் மிச்சம் என்று மகிழ்ந்து, வீதியை விட்டு ஒரு மணல் தடத்தில் இறங்கினோம். அரை மைல் போயிருக்க மாட்டோம். மாடு சாய்த்துக்கொண்டு எதிரே வந்த முதியவர் ஒருவர் தடியைக் குறுக்கே நீட்டி எங்களை மறித்தார். “தம்பி, அங்கால போகாதையுங்கோ. மாடே அங்கால போறேல்லை” என்றார். அவர் மந்தையைப் பார்த்தேன். புல் உயர்ந்து நின்ற அந்தப் பக்கத்துக்கு ஒரு மாடுகூடத் தலையைத் திருப்பவில்லை. காரணம் கேட்டபோது, வெடிபொருள் அகற்றியவர்கள் தடி நட்டுவிட்டுப் போன இடம் அது என்றும், தடிகளை மழைவெள்ளம் கொண்டுபோய்விட்டது என்றும் சொன்னார். வரைபடத்தில் அது வெறும் கோடாகவே இருந்தது.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு நாளும் மாலையில், தங்கும் ஊரிலேயே, மறுநாள் போகும் வழியைக் குறைந்தது இருவரிடம் கேட்பேன். ஒருவர் அந்த வழியில் அண்மையில் போய் வந்தவராக இருக்க வேண்டும். பால் எடுப்பவர், விறகுக்குப் போகிறவர், மீன் வியாபாரி ஆகியோருக்குத் தெரியாத தடம் வன்னியில் இல்லை. இருவரின் சொல்லும் ஒத்திருந்தால் போவேன். ஒத்திராவிட்டால் பிரதான வீதியாலேயே போவேன்.

மிதிவெடி அபாயம் இன்னும் இருக்கிறதா?

நீங்கள் பெருமளவில் நடக்கப்போகும் வீதிகளும் மக்கள் குடியிருக்கும் ஊர்களும் துப்புரவாக்கப்பட்டு, பல ஆண்டுகளாகப் பாவனையில் உள்ளவை. ஆயினும் போரின் கடைசிக் கட்டம் நடந்த மண் இது. 2009 இலிருந்து பல நிறுவனங்கள் அங்குலம் அங்குலமாக அகற்றி வந்த வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆனையிறவுக்கு வடக்கே முகமாலைப் பக்கத்தில் அது எவ்வளவு காலம் இழுபட்டது என்பதை ஏ9 வீதியால் போய்வந்த எல்லோரும் அறிவர். ஆகவே சில விதிகளை விட்டுக்கொடுக்காமல் பின்பற்றுங்கள். மிதிபட்ட தடத்தை விட்டு விலகாதீர்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையோ சிவப்பு வர்ணம் பூசிய தடியோ கண்ணில் பட்டால், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்புங்கள். கைவிடப்பட்ட வீடு, பதுங்குகுழி, பழைய மண்ணணை ஆகியவற்றுக்குள் இறங்காதீர்கள். துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாதீர்கள், உதைக்காதீர்கள். இடத்தை நினைவில் வைத்துக் கிராம அலுவலரிடமோ பொலிஸ் நிலையத்திலோ அறிவியுங்கள். இயற்கைக் கடன் கழிக்கப் பற்றைக்குள் போகும் பழக்கமே பலரை ஆபத்துக்கு அருகில் கொண்டு செல்கிறது. கோயில், பாடசாலை, கடை ஆகியவற்றில் கேட்டு மலசலகூடத்தைப் பாவியுங்கள். எவரும் மறுக்க மாட்டார்கள்.

எங்கே தங்குவது?

யாத்திரைக் காலத்தில் கோயில் மண்டபங்கள், மடங்கள், சனசமூக நிலையங்கள், சில இடங்களில் பாடசாலைகள். வேறு மாதங்களில் கோயில் நிர்வாகத்தாரிடம் முன்னரே பேசி வைப்பது முறை. கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு ஆகிய இடங்களில் பணம் கொடுத்துத் தங்கும் விடுதிகளும் உண்டு. கோயிலில் தங்கும்போது இரவு படுத்த இடம் காலையில் கூட்டப்பட்டிருக்க வேண்டும். விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று வந்தவுடனேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டவெளியில், குளக்கட்டில், கடற்கரையில் கூடாரம் அடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. குளக்கட்டு யானை நடக்கும் வழி. கடற்கரை, இரவில் தொழிலுக்குப் போகும் மீனவரின் இடம்.

சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் என்ன வழி?

வைகாசியில் பசியோடு படுக்க எவரும் உங்களை விட மாட்டார்கள். வீட்டுவாசலில் மேசை போட்டு, மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வைத்து, “சுவாமி, குடிச்சிட்டுப் போங்கோ” என்று கூப்பிடுவார்கள். யாத்திரையில் நடப்பவர் எவராயினும், பதினைந்து வயதுப் பையனாயினும், சுவாமிதான். தருமபுரத்தில் ஒரு ஆச்சி, கிணற்றில் அள்ளிய தண்ணீரைச் செம்பில் தந்துவிட்டு, நான் குடித்து முடிக்கும் வரை வெயிலில் நின்றார். செம்பைத் திருப்பிக் கொடுத்தபோது, இன்னொரு செம்பை என் பாதங்களில் ஊற்றினார். கேட்காமல் செய்தார். சுட்டெரிந்த காலுக்கு அது என்ன சுகமாக இருந்தது என்பதை எழுத்தில் சொல்ல எனக்கு இயலவில்லை.

அப்படிக் கிடைப்பதை உரிமையாக எண்ணிவிடக் கூடாது. நீங்கள் விடுமுறைக்காக நடப்பவர். அன்னதானம் விரதத்தோடு நடப்பவர்க்காக வைக்கப்பட்டது. உண்ணலாம், தவறில்லை, ஆனால் பாத்திரம் கழுவக் கைகொடுங்கள், கோயில் உண்டியலில் உங்களால் இயன்றதைப் போடுங்கள். மற்ற மாதங்களில் சந்திக் கடைகளில் புட்டும் இடியப்பமும் சம்பலும் காலையில் கிடைக்கும்; மதியத்தில் சோற்றுக்கடை. கடைகள் இடைவெளி விட்டே இருக்கும் என்பதால் ஒரு நேரத்துக்கான அவலோ பிஸ்கட்டோ பையில் இருக்கட்டும்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றராவது வேண்டும். 2 லீற்றர் எப்போதும் கையில் இருக்க வேண்டும். கடலோரக் கிணறுகள் சில உவர். எந்தக் கிணறு குடிக்க, எது குளிக்க என்று கேட்டு அள்ளுங்கள். போத்தல்களை வழியில் வீசிவிட்டுப் போவோரைப் பார்த்தால் எனக்கு மனம் நோகிறது. வெற்றுப் போத்தலுக்குப் பாரமே இல்லை, அடுத்த ஊர் வரை கொண்டு செல்லலாம்.

பாலைப்பழத்தைப் பறித்து உண்ணலாமா?

உண்ணலாம், உண்ண வேண்டும். மஞ்சள் நிறத்தில் சிறு கொட்டை அளவில் இருக்கும் அந்தப் பழத்தின் தித்திப்புக்கு ஈடில்லை. ஆனால் பால் உதட்டில் பிசினாக ஒட்டும். நாலைந்து தின்றதும் வாயைத் திறக்கவே பாடாக இருக்கும். தேங்காயெண்ணெய் சிறிது தடவினால் விடும். மரத்தடிக்குப் போகும் ஆசையில் தடத்தை விட்டு விலக வேண்டாம். வீதியோரத்தில் பேணியில் அளந்து விற்பார்கள், வாங்கி உண்ணுங்கள். கரடிக்கும் இந்தப் பழத்தில்தான் ஆசை என்பதையும் மறக்க வேண்டாம்.

காலில் செருப்பு அணிவதா, வெறுங்காலோடு நடப்பதா?

நேர்த்தி வைத்தவர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். அது அவர்களுக்கும் முருகனுக்கும் இடையிலானது. மற்றவர்கள், பல மாதம் போட்டுப் பழகிய, பின்வார் உள்ள செருப்பை அணியுங்கள். நண்பகலில் தார்வீதி தோசைக்கல்லாகக் கொதிக்கும். புதுச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வருவது பெரும் பிழை. பையின் பாரம் 6 கிலோவைத் தாண்டாமல் பாருங்கள்: இரண்டு மாற்றுடுப்பு, ஒரு சாரம், துவாய், நுளம்புவலை, தொப்பி அல்லது குடை, ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) பொதிகள் சில, கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், டோர்ச், தேசிய அடையாள அட்டை. இவ்வளவும் போதும்.

யானை, பாம்பு, முதலை பற்றி அஞ்ச வேண்டுமா?

யானைக்கு அஞ்சத்தான் வேண்டும். பெரிய யாத்திரைக் குழுக்கள் விடியற்காலை நான்கு மணிக்கே அரோகராச் சத்தத்தோடு புறப்பட்டுவிடும். நூறு பேர் நடக்கும் இடத்தில் யானை விலகிப் போகும். இருவர் மூவராக நடப்போர் அதைப் பின்பற்றக் கூடாது. காட்டோரப் பகுதிகளில் நிலம் தெளிந்த பின் புறப்பட்டு, பதினொரு மணிக்குள் நடையை முடித்து, நிழலில் கிடந்து, மாலை மூன்றரைக்குப் பின் மீதியை நடந்து, பொழுதுபடும் முன் ஊருக்குள் வந்துவிடுங்கள். புதிய இலத்தி, முறிந்த கிளை கண்டால் நின்று, வாகனமொன்று வரும்வரை காத்திருந்து, அதனோடு சேர்ந்து கடப்பது நல்லது. யானைவெடி கொளுத்துவதும் படம் எடுக்கக் கிட்டப் போவதும் உங்கள் வேலையல்ல.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும். கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு மாஞ்சோலை ஆகிய இடங்களில் அரச வைத்தியசாலைகள் உள்ளன. குளங்களிலும் களப்புகளிலும் முதலை உண்டு. ஊரார் குளிக்கும் துறையில், ஊரார் குளிக்கும் நேரத்தில் மட்டும் குளியுங்கள்.

மலேரியா வருமா?

முன்னொரு காலத்தில் வன்னி என்றாலே காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது. டெங்கு இருக்கிறது, ஆகவே நுளம்புவலையை விட வேண்டாம்.

பெண்கள் ஆண்துணை இல்லாமல் நடக்கலாமா?

யாத்திரையில் நடப்போரில் பெண்கள் பெருந்தொகையினர். முதிய அம்மாமார் பலர் ஆண்டுதோறும் நடக்கிறார்கள். குழுவாக நடக்கையில் எந்தத் தயக்கமும் தேவையில்லை. குழுவின்றி நடக்க விரும்பும் பெண்கள் மூவர் நால்வராகச் சேர்ந்து, யாத்திரைக் காலத்திலேயே நடப்பதும், தங்குமிடத்தைக் கோயிலிலோ தெரிந்த குடும்பத்திலோ முன்னரே ஒழுங்குசெய்வதும் நல்லது. என் சகோதரி தன் மூன்று தோழிகளுடன் புதுக்குடியிருப்பிலிருந்து கொக்கிளாய் வரை நடந்தார். ஒவ்வொரு ஊரிலும் ஒரு வீட்டம்மா மறுநாள் தங்கப்போகும் ஊரிலுள்ள தன் உறவுக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லி வைத்தார் என்றும், தாங்கள் நடந்ததை விடக் கைமாறிச் சென்றதே சரி என்றும் அவர் சொல்வார்.

முள்ளிவாய்க்கால் வழியாகப் போகும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு நான் நன்றி சொல்வேன். 2009 வைகாசியில் எண்ணற்ற எம்மவர் உயிர்நீத்த நிலம் அது. யாத்திரை நடக்கும் அதே பருவத்தில்தான், மே 18 ஐ ஒட்டிய வாரத்தில், நினைவேந்தலும் நடைபெறுகிறது. அந்நாட்களில் அரிசியும் உப்பும் தண்ணீரும் கொண்டு காய்ச்சிய கஞ்சியைத் தெருவில் வழங்குவார்கள். அந்த இறுதி நாட்களில் உயிரைப் பிடித்து வைத்த உணவு அதுவே. தந்தால் இரு கையாலும் வாங்கி, நின்று, குடித்துவிட்டுப் போங்கள். காட்சிப் பொருளைப் பார்ப்பதுபோல் படம் எடுக்க வேண்டாம். எவரிடமும் அந்த நாட்களைப் பற்றித் தூண்டிக் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால், நேரம் போகிறதே என்று கால் மாற்றாமல் கேளுங்கள். முல்லைத்தீவுக் கரைக்கு 2004 ஆழிப்பேரலையின் துயரமும் உண்டு. ஒரே குடும்பம் இரண்டையும் கண்டிருக்கும்.

வற்றாப்பளைப் பொங்கலை ஏன் எல்லோரும் இவ்வளவு சொல்கிறார்கள்?

மதுரையை எரித்த கண்ணகி தெற்கே வந்து பல இடங்களில் தங்கினாள் என்றும், பத்தாவதாகத் தங்கிய பளை இது என்றும், பத்தாம்பளையே வற்றாப்பளையாயிற்று என்றும் எங்கள் ஊரில் சொல்வார்கள். நந்திக்கடற் கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்து பசிக்கிறது என்றாளாம். பிள்ளைகள் குடிசை கட்டிப் பொங்கல் செய்தார்கள். பொழுதுபட்டது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. “கடல் தண்ணியை அள்ளி ஊத்திக் கொளுத்துங்கோ” என்றாள், விளக்கு எரிந்தது. பின்னர் தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். மயிரை விலக்கிய பிள்ளைகள் தலை முழுவதும் கண்களாக இருக்கக் கண்டு அஞ்சி நின்றபோது மறைந்துபோனாள்.

அந்தக் கதை இன்றும் ஆண்டுதோறும் செய்து காட்டப்படுகிறது. பாக்குத்தெண்டலோடு சடங்குகள் தொடங்கும். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்புநீரில் விளக்கேற்றி ஒரு வாரம் எரிப்பார்கள். அதன் பின்னர் வைகாசிப் பூரணையை அண்டிய திங்கட்கிழமை வற்றாப்பளையில் பொங்கல். நான் சிறுவனாக இருந்தபோது என் அப்பம்மா என்னை இடுப்பில் தூக்கி அந்த விளக்கைக் காட்டினார். சுடர் சற்றே நடுங்கிக்கொண்டு நின்றது. “இது எண்ணெயில்லையடா” என்று காதுக்குள் சொன்னார். அந்தப் பொங்கலுக்கு முன் தெற்கே நடையைத் தொடராதிருப்பது ஏன் என்று கேட்போருக்கு, ஓர் இரவு அந்தக் கோயில் வீதியில் மணலில் படுத்துப் பாருங்கள் என்பதே என் பதில்.

பொங்கலன்று பெருந்திரளான சனம் வரும். தங்க இடம் கிடையாது. வீதியிலேயே பாய் விரிக்க வேண்டும். பணத்தையும் கைபேசியையும் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். அமைதியாகக் கோயிலைப் பார்க்க விரும்புவோர் பொங்கல் முடிந்து இரண்டு நாள் கழித்து வரலாம்.

நாங்கள் சைவர்கள் அல்லர்; நடக்கலாமா?

தாராளமாக. இந்த மண்ணில் கால்நடையாகத் தலம் தேடிப் போவது எல்லோருக்கும் பொதுவானது. ஓகஸ்ட் 15 பெருவிழாவுக்கு மடு மாதாவிடம் காட்டு வழியே நடந்துபோகும் கத்தோலிக்கக் குடும்பங்கள் வன்னியெங்கும் உண்டு. சிலாவத்தை, அளம்பில் பக்கத்தில் தேவாலய வளவில் யாத்திரிகர் இளைப்பாறுவதும் வழமை. கதிர்காமத்தில் பௌத்தரும் முஸ்லிம்களும் வழிபடுகிறார்கள். நடக்கும் நாட்களில் மச்ச மாமிசமும் மதுவும் புகையும் விலக்கினால் போதும். அதை மட்டும் கட்டாயமாகக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றோடு கோயில் மண்டபத்தில் படுப்பது தங்க இடம் தந்தவர்களை அவமதிப்பதாகும்.

படைமுகாம்கள், சோதனை?

வழியில் முகாம்கள் உண்டு, குறிப்பாகக் கேப்பாப்பிலவுப் பக்கத்தில். அடையாள அட்டையை, வெளிநாட்டவர் கடவுச்சீட்டை, எப்போதும் கையில் வைத்திருங்கள். முகாம்களைப் படம் எடுக்காதீர்கள். கேட்டால் எங்கிருந்து எங்கே போகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் பக்கம் போக வேண்டுமா?

பாதையில் அது இல்லை. ஆனாலும் ஓய்வு நாளில் முள்ளியவளையிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். தான்தோன்றீஸ்வரர் கோயிலும், அருகே கற்சிலைமடுவில், வெள்ளையரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனின் நினைவுக்கல்லும் உள்ளன. 1803 ஒக்டோபர் 31 அன்று அவனைத் தோற்கடித்ததாக வெள்ளையர் நட்ட கல், பின்னாளில் அவனுக்கு மாலை சூட்டும் இடமாகிவிட்டது.

கொக்கிளாயை அடைந்தபின் என்ன செய்வது?

நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் இடைப்பட்ட ஊர்களின் மக்கள் 1984 இறுதியில் இடம்பெயர்ந்து, போர் முடிந்த பின்னரே திரும்பி வந்தவர்கள். கடைகள் குறைவு, அளம்பிலிலேயே தேவையானவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். கொக்கிளாய்க் களப்பு ஒரு பறவைச் சரணாலயம். மாசியில் போனால் வலசை வந்த நாரைகளையும் பூநாரைகளையும் காணும் வாய்ப்பு உண்டு.

இத்துடன் நிறுத்துவோர் முல்லைத்தீவுக்குப் பஸ்ஸில் திரும்பி, அங்கிருந்து யாழ்ப்பாணமோ வவுனியாவோ போகலாம். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே கேட்டு வையுங்கள். தொடர்வோர் களப்பின் முகத்துவாரத்தைப் படகில் தாண்டுவதா, தென்னமரவடிப் பக்கமாகச் சுற்றிப் போவதா என்பதை அங்குள்ள மீனவரிடம் அன்றன்று கேட்டே முடிவெடுக்க வேண்டும். அதற்கப்பால் புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி, கோணேசர் கோயில்.

உகந்தைக்கு அப்பால் உள்ள காட்டுவழியில் மட்டும் தாமாக நடக்க இயலாது. குமண, யால தேசியப் பூங்காக்களின் ஊடாகப் போகும் அந்தப் பாதை, கதிர்காம ஆடிவேல் விழாவை ஒட்டி ஏறத்தாழ இரண்டு வாரமே திறக்கப்படும். தேதியை அதிகாரிகள் ஆண்டுதோறும் அறிவிப்பார்கள். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்ற தரிப்பிடங்களில் எல்லோரோடும் சேர்ந்தே போக வேண்டும். வன்னியில் தனித்து நடந்து பழகிய கால்கள் அங்கே கூட்டத்தின் வேகத்துக்கு இசைய ஒரு நாள் எடுக்கும்; ஆகவே உகந்தைக்கு, வாசல் திறப்பதற்கு இரண்டு நாள் முன்னரே போய்ச் சேர்ந்து, மலையடியில் இளைப்பாறிக்கொள்ளுங்கள்.